சட்டைப் பையில் ஒரு மரக்கட்டை

பாம் நிறுவனத்தின் ஜெஃப் ஹாக்கின்ஸ் தன் கையடக்கக் கணினிக்காகச் செய்த முதல் மாதிரியில் மின்சாரமே ஓடவில்லை. திரை கிடையாது, சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. கலிபோர்னியாவில் தன் வீட்டு கராஜில், தன் சட்டைப் பைக்குள் போகும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டார். சாப்பிடும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோல் ஆக்கினார். பிறகு அதை எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனார். புதன்கிழமை சந்திக்கலாமா என்று யாராவது கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் இரண்டு தட்டு தட்டி, உற்றுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். பக்கத்தில் இருந்தவர்கள் மனதுக்குள் சிரித்திருக்கலாம். கையடக்கக் கணினிகளின் கதையில் எனக்கு மிகப் பிடித்த வன்பொருள் இந்தக் கட்டைதான்.

அதற்குச் சற்று முன்னால், 1993-இல், இரண்டு கருவிகள் கடைக்கு வந்து அடிவாங்கியிருந்தன. ஆப்பிளின் நியூட்டன் 699 டாலர். எடை 400 கிராம். சட்டைப் பையில் போகாது. கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்து நாளிதழ்க் கேலிச்சித்திரம் வரைக்கும் போனது. இன்னொன்று ஜூமர். அதற்கு மென்பொருள் எழுதியது ஹாக்கின்ஸின் பாம் நிறுவனமே. ஜூமரும் விற்கவில்லை. வாங்கிய சிலரிடம் பாம்காரர்கள் விசாரித்தபோது உருப்படியான சேதி ஒன்று கிடைத்தது: இவர்கள் கையில் கணினி கேட்கவில்லை, காகித டைரிக்கு மாற்று கேட்கிறார்கள். அங்கிருந்து பிறந்தவை நான்கு நிபந்தனைகள். சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும், தொட்ட உடனே வேலை செய்ய வேண்டும், மேசைக் கணினியோடு சுலபமாகச் சேர்ந்துகொள்ள வேண்டும், விலை 300 டாலரைத் தாண்டக் கூடாது.

இந்த நான்கில் முதலாவதைச் சோதிக்க சிப் எதற்கு, மரம் போதும். இங்கேதான் ஹாக்கின்ஸின் கைத்திறனை நான் மெச்சுகிறேன். திரை எப்படி இருக்கும், பொத்தான்கள் எங்கே வரும் என்று காகிதத்தில் அச்சிட்டு கட்டையின் முகத்தில் ஒட்டுவார். சரிப்படவில்லை என்றால் வேறு காகிதம். ஒரு சர்க்யூட் போர்டை மாற்ற வாரங்கள் ஆகும், காகிதத்தை மாற்ற நிமிடங்கள். ஒரு நாளில் எத்தனை முறை பையில் கை போகிறது, எதற்காகப் போகிறது என்பதை அந்தக் கட்டை சொல்லிக்கொடுத்தது. பின்னாளில் விற்பனைக்கு வந்த கருவியின் அடியில் செயலிகளைத் திறக்க நான்கு பொத்தான்கள் இருந்தன: நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு. அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை யாருக்கும் வராமலா இருந்திருக்கும்!

இந்த வித்தைக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. கணினி விஞ்ஞானி ஆலன் கே 1960-களின் இறுதியில், மடியில் வைத்துக்கொள்ளும் கணினி ஒன்றைக் கனவு கண்டபோது, அட்டையில் அதன் உருவத்தைச் செய்து உள்ளே ஈயக் குண்டுகளைக் கொட்டிப் பார்த்தார். எவ்வளவு கனம் வரைக்கும் மனிதன் தூக்கிக்கொண்டு திரிவான் என்று தெரிய வேண்டுமே! ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று விடை வந்தது. அந்த எடையில் கணினி செய்யும் தொழில்நுட்பம் அப்போது எங்கேயும் கிடையாது. விடை மட்டும் காத்திருந்தது.

மரத்தை ரசிப்பவனுக்கு மின்சாரம் ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். முதன்முதலாக ஆலையிலிருந்து வரும் புது போர்டைப் பார்க்கும் சுகம் தனி. பெட்டி பிரித்ததும் யாரும் சுவிட்சைப் போட்டுவிட மாட்டார்கள். முதலில் மல்டிமீட்டரை வைத்து மின்வழிகளில் ஷார்ட் இருக்கிறதா என்று தேடுவார்கள். அது பீப் என்று கத்தினால் அன்றைய உற்சாகம் பாதி போச்சு. பிறகு மேசை பவர் சப்ளையில் கரண்டைக் குறைவாகக் கட்டுப்படுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இணைப்பார்கள். புகை வரவில்லை என்றால் முதல் படி தேறியாயிற்று. அடுத்து ஒவ்வொரு வோல்டேஜும் சரியா, கிரிஸ்டல் துடிக்கிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு சீரியல் கேபிள் வழியே ஒரு வரி எழுத்து வந்து விழும் பாருங்கள், அதற்கு ஈடான கைதட்டலைத் தயாரிப்பு வெளியீட்டு மேடைகளில் நான் கேட்டதில்லை. தப்பாக வரைந்துவிட்ட இணைப்பைச் சரிசெய்ய, மயிரிழை போன்ற ஒயரை அந்த போர்டின் மேலேயே சால்டர் செய்திருப்பார்கள். அழகான போர்டு என்று நான் சொல்வது அந்த ஒட்டு ஒயர்கள் உள்ளதைத்தான். யார் எங்கே யோசித்தார் என்பது அதில் தெரியும். அடுத்த பதிப்பில் எல்லாம் மறைந்துவிடும்.

கையடக்கக் கருவியில் இந்த வேலை இன்னும் கடினம், ஏனென்றால் இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. பாம் தன் பைலட் கருவியில் என்ன செய்தது என்று பாருங்கள். மோட்டோரோலாவின் டிராகன்பால் சிப், 16 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 128 கிலோபைட். திரை 160-க்கு 160 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. இரண்டு சின்ன ஏஏஏ பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. ரகசியம் பேட்டரியில் இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் சிப்பை உறங்க வைத்ததில் இருக்கிறது. திரைக்குப் பின்விளக்கு அப்போது இல்லை, அது 1997-இல் வந்தது. இன்ஃப்ராரெட் 1998-இல். காத்திருந்தால் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம், ஆனால் கட்டைக்குள் அடங்கியிருக்காது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி, 2001-இல் வெளியிட்ட சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி. அதில் ஸ்மார்ட் கார்டு செருக ஓர் இடம் வைத்தார்கள். கருவி ஊருக்குப் பொது, கார்டு மட்டும் அவரவருக்குச் சொந்தம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதியும் உண்டு. எதிர்பார்த்தபடி அது விற்கவில்லை. அதன் மெருகேறிய வடிவம் 2004-இல் கடைக்கு வந்தபோது செல்போன் பரவத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஸ்மார்ட் கார்டு யோசனையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஹாக்கின்ஸ் தன் சொந்தப் பையை அளந்தார். இவர்கள் ஒரு கிராமத்தின் பையை அளக்கப் பார்த்தார்கள்.

பாம் நிறுவனத்தின் பைலட் 1000 கருவி 1996 மார்ச்சில் 299 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த மரக்கட்டை இப்போது மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பளபளக்கும் கருவிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தக் கட்டையைத் தேடுங்கள்.