குடத்துள் யார் பெயர்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, "குடவோலை கண்ட குடியாட்சி" என்று மார்தட்டுகிறோம். தட்டுமுன் அதைப் படிக்க வேண்டாமா?

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த விதிகள் அவை. ஓலையில் பெயர் ஏற, கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனை வேண்டும். வயது 35 முதல் 70. வேதமும் கற்றிருக்க வேண்டும். உழுதவன் பெயர் குடத்துள் விழுந்ததா? பெண்ணின் பெயர் விழுந்ததா? சதுர்வேதிமங்கலத்தின் சபை அது; ஊரார் அனைவரின் சபை அன்று!

எனினும் ஒரு விதியைப் போற்றுகிறோம்: பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தை நெருங்க இயலாது.

இன்றோ, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். நிலமும் கேட்பதில்லை, வேதமும் கேட்பதில்லை. ஆனால் சட்டம் திறந்த கதவைச் சாதி அடைத்தது: பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை ஆதிதிராவிடர் ஒருவரைத் தலைவராக நிலைக்க விடவில்லை.

கதவு திறந்த ஊர்களிலோ? சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் சபை கூடுகிறது. வரவு செலவைக் கேட்காமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். கல்லைப் புகழ்ந்தது போதும், கணக்கைக் கேட்போம்!