கடற்கரையில் ஆத்தும சோதனை

தமிழில் அச்சேறிய முதல் நூல்கள் என்று பேச்சு வந்தால் 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உடனே நினைவுக்கு வரும். பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1580இல், அதே ஊரில் அச்சான ‘கொம்பெசியொனாயரு’ பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருந்த பிரதி 1980களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஒருவர் தன்னைத்தானே எப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கற்றுத்தரும் கையேடு அது. தமிழ் எழுத்து அச்சில் ஏறிய இரண்டே ஆண்டுகளில் ‘உன் குற்றம் என்ன’ என்று கேட்கும் நூல் வந்துவிட்டது. அது முதலில் கேட்டது கடற்கரை மக்களை என்பதுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

எழுதியவர் அன்றிக் அடிகளார் என்று தமிழர் அறிந்த என்றிக்கே என்றிக்கஸ். போர்ச்சுகலில் பிறந்த இயேசு சபைக் குரு. அரை நூற்றாண்டுக்கும் மேல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து 1600இல் மறைந்தார். 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர்களே அவருடைய வாசகர்கள். பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கீழும் கேள்வி கேட்பது இவ்வகை நூலின் முறை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது முதல் ஐரோப்பாவில் இத்தகைய கையேடுகள் பெருகின. அவற்றில் நல்லவை பொதுவாகப் பேசி நின்றுவிடுவதில்லை. வியாபாரியிடம் தராசைப் பற்றிக் கேட்கும், நீதிபதியிடம் கைக்கூலியைப் பற்றிக் கேட்கும், கடன் கொடுப்பவனிடம் வட்டியைப் பற்றிக் கேட்கும். ‘நான் பாவி’ என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது எளிது. அந்த வார்த்தை யாரையும் சுடாது. எந்தத் தராசு, எத்தனை படி, யாருக்குக் குறைந்தது என்று கேள்வி தொழிலுக்குள் இறங்கும்போதுதான் மனிதன் நெளிகிறான். தமிழ்க் கிறித்தவத்தின் தன்னாய்வு எழுத்தை இந்த ஒரே அளவுகோலால்தான் இங்கே பார்க்கிறேன்.

இயேசு சபையினர் கையோடு கொண்டுவந்த இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 1548இல் அச்சான இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் தன்னிடம் உள்ள ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். மதியம் வரை அக்குற்றம் எத்தனை முறை நேர்ந்ததோ அத்தனை புள்ளிகள் முதல் கோட்டில். இரவு வரை நேர்ந்தவை அடுத்த கோட்டில். நேற்றையதை இன்றையதோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாரம் செல்லச் செல்லக் கோடுகள் குட்டையாகிக்கொண்டே போகும்படி வரையப்பட்டிருக்கும், குற்றம் குறையும் என்ற நம்பிக்கையில். அழுகையோ ஆவேசமோ இதில் இல்லை. கடைக்காரர் இரவில் கணக்குப் பார்ப்பது போன்ற நிதானம்தான்.

ஆனால் கணக்கு மட்டும் போதுமா? நற்செய்தி நூல்களில் கடற்கரைக்கு மிக நெருக்கமான காட்சி லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் படாத பேதுரு, இயேசு சொன்ன இடத்தில் மறுபடி வலையை இறக்குகிறார். வலை கிழியும் அளவுக்கு மீன். இரண்டு படகும் அமிழும் பாரம். அந்த நேரத்தில்தான் அவர் இயேசுவின் காலில் விழுந்து, தான் பாவி என்று சொல்லித் தன்னை விட்டுப் போய்விடும்படி கேட்கிறார். வெறும் வலையோடு கரையேறிய காலையில் அவருக்குத் தன் குற்றம் தெரியவில்லை. யாரும் அவரைக் குற்றம் சாட்டவும் இல்லை. தகுதிக்கு மேல் கிடைத்துவிட்ட பிறகுதான் தான் யார் என்பது உறைக்கிறது. கிறித்தவப் பார்வையில் குற்ற உணர்வு தண்டனைக்கு அஞ்சிப் பிறப்பதாக நாம் நினைக்கப் பழகிவிட்டோம். இந்தக் காட்சி அதை மறுக்கிறது. அன்பு முன்னே வருகிறது, அந்த வெளிச்சத்தில் அழுக்கு தெரிகிறது. லூக்கா பதினைந்தில் ஊதாரி மகன் திரும்புவதும், பத்தொன்பதில் சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்வதும் இதே வரிசையில் வருபவை. சக்கேயுவிடம் கவனிக்க வேண்டியது அந்த நான்கு மடங்கு. உணர்ந்தவன் கணக்கைத் தீர்க்கிறான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே மீமிசலைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போனால் ஓரியூர் வரும். லிஸ்பனில் பிறந்து அருளானந்தர் என்று பெயர் பெற்ற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஊர். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்குள்ள சிவந்த மணலை இன்றும் மக்கள் பக்தியோடு எடுத்துப் போகிறார்கள். கொலைக்குக் காரணமான நிகழ்ச்சியை எல்லாரும் அறிவார்கள்: மறவர் குலத் தலைவரான தடியத்தேவர் மனம் திரும்பினார், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண், மன்னரிடம் முறையிட்டார். தியாக வரலாறுகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அங்கே நிற்கத் தோன்றுகிறது. ஒருவர் தன் குற்றத்தை உணர்ந்தார், அதன் விலையை அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். அருளானந்தரின் துணிவுக்கு இதனால் குறைவு ஏதும் இல்லை. ஆனால் தன்னைத் திருத்திக்கொள்பவன், தன் திருத்தம் யார் தலையில் விழுகிறது என்றும் கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியை நம் மரபு கேட்கவில்லை.

குற்றத்தை வாய்விட்டுச் சொல்லும் வடிவம் தமிழுக்கு மேற்கிலிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நொண்டி நாடகம் அப்படிப்பட்ட வடிவம்தான். திருடிக் களித்துக் கால் இழந்தவன் மேடைக்கு வந்து, தான் செய்ததை எல்லாம் தானே பாடுகிறான், பிறகு இறையருளால் கால் பெறுகிறான். இதே கடலோரத்தின் கீழக்கரை வள்ளலைப் போற்றும் சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவன் மக்காவுக்குப் போய்க் கால் பெறுகிறான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதே வடிவத்தில் ‘ஞான நொண்டி நாடகம்’ பாடினார். இந்து, முஸ்லிம், கிறித்தவர் மூவருமே ‘நான் செய்தேன்’ என்று சொல்லும் மனிதனுக்கு ஒரே மேடையைத் தந்திருக்கிறார்கள். தமிழ் இலக்கியத்தின் பெருமிதங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் குரல் காவியமாகிறது. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். முதுகில் பாவச்சுமையோடு நடக்கும் மனிதனைக் கம்பனின் சந்தத்தில் நடக்கவிட்டது அவருடைய சாதனை. அதற்கு முன்பே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ‘நீதிநூல்’ (1859) எழுதினார். நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவரே கைக்கூலியை வெளுத்து வாங்கியதால், என் அளவுகோலில் இந்நூல் சற்று உயர்ந்தே நிற்கிறது. ஈழத்தில் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலந்தோறும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் கண்ணீர் உண்மையானது. அது கேட்கும் கேள்விகளோ குறைவு.

சாதி என்ற இடத்துக்கு வரும்போது மொத்த மரபும் தடுமாறுகிறது. ஞான நொண்டியைப் பாடிய அதே சாஸ்திரியார், 1829ஆம் ஆண்டு வாக்கில், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க வந்த மிஷனரிகளுக்கு எதிராக உரைநடையில் வாதாடினார். தன் ஆத்துமாவின் மூலை முடுக்கெல்லாம் விளக்கு ஏந்திப் போனவருக்குத் தான் உட்கார்ந்திருந்த இடம் தெரியவில்லை. அவர் ஒருவர் மட்டும் அல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் இரண்டு பக்கம் நிற்பதற்கென்றே கட்டப்பட்ட காற்சட்டை வடிவக் கோயில் இருந்தது. நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதுவும் வழக்குகளின் நடுவே. ஆ.சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இந்த வரலாற்றை ஆவணங்களோடு சொல்கிறது. சுவருக்கு இருபுறமும் நின்றவர்கள் ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள்தான். சுவர் பாவம் என்று அவர்களிடம் இருந்த எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ அந்தப் பட்டியலைத் திருப்பிப் போட்டது. கன்னியர் மடத்தில் இருந்து வெளியே வந்த ஒரு தலித் பெண், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்ட பக்கத்திலிருந்து எழுந்து, மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்கத் தொடங்கினார். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது 2016 டிசம்பரில். நடுவே இருபத்து நான்கு ஆண்டுகள். எழுத்து முன்னால் போயிற்று, நிறுவனம் பின்னால் வந்தது. நம் காலத்தின் சிறந்த தன்னாய்வு நூல் எது என்று கேட்டால் பக்தி நூல் எதையும் நான் சொல்ல மாட்டேன், ‘கருக்கு’ என்பேன். கடற்கரையிலிருந்து ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) அடுத்து நிற்கும். நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற நாவல் அது.

அதே அளவுகோலோடு இப்போது ஜெகதாப்பட்டினத்துக்கு வருகிறேன். கோட்டைப்பட்டினத்தோடு சேர்ந்து பாக் நீரிணையின் முக்கியமான விசைப்படகுத் துறைகளில் ஒன்று. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்து வாழும் கரை. இங்கிருந்து போகும் படகுகளை இலங்கைக் கடற்படை பிடிப்பதும், மீனவர் சிறையில் கிடப்பதும், படகு பறிபோவதும் அடிக்கடி செய்தியாகிறது. ஒரு படகு பறிபோனால் கடன் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சுகிறது. அந்த வேதனையை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. அதே நீரிணையின் அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள், அவர்களில் பலர் கத்தோலிக்கர். போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து 2009க்குப் பின் திரும்பியவர்கள், தங்கள் வலைகளை இந்திய இழுவைமடிகள் அறுத்துப் போவதாகச் சொல்கிறார்கள். அடிமண்ணைச் சுரண்டும் மடி, குஞ்சு முதல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. 2010 ஆகஸ்டில் அவர்களுடைய குழு தமிழகம் வந்து பேசியபோது, இழுவைமடியை ஓராண்டில் நிறுத்துவதாக நம் பக்கத்துத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நிற்கவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது.

தனக்கு நடந்த அநீதியும் தான் செய்யும் அநீதியும் ஒரே மனிதனிடம் ஒன்றாக இருக்க முடியும். முன்னதைச் சொன்னால் பின்னது மறைந்துவிடாது, பின்னதை ஒத்துக்கொண்டால் முன்னதற்கான நியாயமும் போய்விடாது. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்தையொட்டி வருகிறது. இரு கரை மக்களும் அங்கே ஒன்றாகச் சிலுவைப்பாதை போகிறார்கள். காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு நற்செய்தியின் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான பீடம் வேறில்லை. அறுந்த வலையின் பேச்சு அந்தப் பீடத்தின் முன் எழ வேண்டும்.

இன்று ஒரு ‘கொம்பெசியொனாயரு’ இந்தக் கரைக்காக எழுதப்பட்டால் அதன் கேள்விகள் எப்படி இருக்கும்? படகு உரிமையாளரிடம்: நீ கரையில் இருந்துகொண்டு, எல்லை தாண்டும் ஆபத்தைப் பங்குக்கு வரும் கூலியாளின் தலையில் வைத்தாயா? தடை செய்யப்பட்ட இரட்டைமடியைக் கட்டினாயா? நாட்டுப்படகுக்காரருக்கு ஒதுக்கிய நாளில் மடி இறக்கினாயா? தரகரிடம்: முன்பணம் கொடுத்ததைக் காட்டி ஏல விலையை அமுக்கினாயா? அதிகாரியிடம்: மடியின் கண்ணை அளக்காமலே கையெழுத்துப் போட்டாயா? பங்குக் குருவிடம்: பிடிபட்டவர்களுக்காகப் பூசை வைத்தாய், அறுந்த வலைக்காரருக்காக ஒரு வார்த்தை பேசினாயா? மீனை வாங்கிச் சமைக்கும் என்னைப் போன்றவர்களிடமும் கேட்டாக வேண்டும்: இந்தக் கிலோவின் விலையில் யாருடைய வலை சேர்ந்திருக்கிறது என்று ஒருநாளாவது விசாரித்தாயா?