ரிப்பன் மாளிகையின் கட்டடப் பாணி: ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

சென்னை மாநகராட்சியின் தலைமையிடமான ரிப்பன் மாளிகை 1909 முதல் 1913 வரை கட்டப்பெற்றது. இதனை இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் என்று பொதுநூல்களும் சுற்றுலாக் குறிப்புகளும் தொடர்ந்து கூறிவருகின்றன. இவ்வகைப்பாடு பொருந்தாது என்பதையும், கட்டடத்தின் அரசியல் பொருளை அது மறைக்கின்றது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

வகைப்பாட்டின் முரண்

குவிமாடம், கூர்வளைவு முதலான இந்திய, இசுலாமியக் கூறுகளை ஐரோப்பிய வரைவமைப்போடு இணைப்பதே இந்தோ-சாரசெனிக் பாணி. 1892இல் முடிவுற்ற சென்னை உயர் நீதிமன்றம் இதற்குத் தக்க சான்று. ரிப்பன் மாளிகையையோ அயோனிக், கொரிந்தியன், கோதிக் கூறுகளின் கலவை என மேற்சுட்டிய குறிப்புகளே விவரிக்கின்றன. இம்மூன்றும் ஐரோப்பிய மரபைச் சார்ந்தவை. ஆகவே, அக்குறிப்புகள் தரும் சான்றே அவற்றின் முடிவை மறுக்கின்றது.

அண்டையிலுள்ள விக்டோரியா பொது மண்டபம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். சிஷோம் வடிவமைத்த அம்மண்டபம் செந்நிறமுடையது. அதன் கோபுரக் கூரை திருவிதாங்கூர் மரபை நினைவூட்டுவது. ஹாரிஸ் வடிவமைத்த ரிப்பன் மாளிகையோ வெண்ணிறமுடையது. நீண்ட முகப்பின் நடுவே 132 அடி உயரக் கடிகாரக் கோபுரம் கொண்டது.

லோகநாத முதலியார் கட்டினார். செங்கல், சுண்ணாம்புக்காரை, தேக்கு, கடப்பைக்கல் ஆகியன பயன்பட்டன. ஆதலின் இது இந்தியத் தன்மையுடையது எனச் சிலர் வாதிடலாம். உழைப்பும் பொருளும் உள்நாட்டைச் சார்ந்தவை என்பது உண்மையே. எனினும், பாணியை உறுதிசெய்வது வடிவமொழியே ஆகும்.

பெயரும் வடிவமும்

1882இல் உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்ட ரிப்பன் பிரபுவை, 'ரிப்பன் எங்கள் அப்பன்' என மக்கள் போற்றினர். அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்திற்கு 1909 திசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். அக்காலத்தில் மாநகராட்சியின் தலைமை அரசு அலுவலரிடமே இருந்தது. அதிகாரி அல்லாத முதல் தலைவராகப் பி. தியாகராய செட்டியார் பொறுப்பேற்றது, கட்டடம் திறக்கப்பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. பெயர் தன்னாட்சியைச் சுட்ட, வடிவம் பேரரசின் அதிகாரத்தைப் பறைசாற்றியது. தமிழ் வழக்கில் 'அலுவலகம்' என்னாது 'மாளிகை' என்றமையும் இவ்வதிகாரத் தோற்றத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

ரிப்பன் மாளிகையைப் புதுச்செவ்வியல் பாணிக் கட்டடம் எனக் குறிப்பதே பொருத்தமாகும். இந்தோ-சாரசெனிக் என்னும் சொல், ஆட்சியாளரும் மக்களும் பண்பாட்டால் இணைந்தனர் என்ற எண்ணத்தைத் தருகின்றது. இக்கட்டடத்தில் அத்தகைய இணைவு இல்லை. மரபுக் கட்டடங்களைப் புதுப்பிக்கையில் எக்கூறுகளைக் காப்பது என்பதும் வகைப்பாட்டைப் பொறுத்தே அமைகின்றமையின், இத்திருத்தம் இன்றியமையாதது.