பாலும் திணையும்: 'மிகால்' என்னும் பிரெஞ்சு நாவல் பற்றிய ஒரு நோக்கு

குற்றச்செயல்களைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் பொழுதுபோக்கிற்கே உரியன, இலக்கிய ஆராய்ச்சிக்கு ஏலா என்பது கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். பிரான்சு தேசத்தில் இக்கருத்துத் தளர்வதற்கு, கலிமார் பதிப்பகத்தார் 1945ஆம் ஆண்டிலே தொடங்கிய 'சேரி நுவார்' என்னும் நூல்வரிசை பெரிதும் துணைசெய்தது. 'கறுப்பு வரிசை' எனப் பொருள்படும் அவ்வரிசையிலே 1984ஆம் ஆண்டு வெளிவந்தது தியெரி ஜோன்கே (1954–2009) எழுதிய 'மிகால்'. மிகால் என்பது ஒருவகைப் பெருஞ்சிலந்தியின் பெயர். ஆண், பெண் என்னும் பால்நிலையையும் கொலையையும் ஒருங்கே பொருளாகக் கொண்ட இந்நாவலை ஈண்டு ஆராய்வாம். கதையின் மர்மத்தை வெளிப்படுத்தாது இவ்வாராய்ச்சி நிகழ்தல் இயலாதாகலின், நூலை இனிப் படிக்க விரும்புவோர் பொறுத்தருள்க.

கதை மூன்று இழைகளாகத் தொடங்குகின்றது. புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணன் ரிஷார் லபார்க், பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள தன் மாளிகையில் ஏவ் என்னும் அழகியைப் பூட்டிவைத்து வாழ்கின்றான். அவனுடைய மகள் விவியான் சித்தசுவாதீனமின்றி மனநோய் மருத்துவமனையில் இருக்கின்றாள். அவள் நிலையைக் கண்டு திரும்புந்தோறும் அவன் ஏவை இழிந்த செயல்களுக்கு உட்படுத்துகின்றான். இது முதலாவது இழை. வங்கியொன்றைக் கொள்ளையிட்டு, பொலிஸ்காரன் ஒருவனைக் கொன்று, காயத்துடன் ஒளிந்திருக்கும் அலெக்ஸ் என்பவனின் கதை இரண்டாவது. இருட்டறையொன்றிலே சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடக்கும் இளைஞன் ஒருவனின் கதை மூன்றாவது. தன்னைச் சிறைவைத்தவனுக்கு அவ்விளைஞன் சூட்டிய பெயரே 'மிகால்'.

இம்மூன்று இழைகளும் இறுதியிலே ஒரே வலையாகின்றன. இருட்டறையிற் கிடந்த வின்சனே மாளிகையில் வாழும் ஏவ். வின்சனும் அவன் நண்பன் அலெக்சும் முன்னொருநாள் விவியானைப் பலாத்காரம் செய்தவர்கள். அதற்குப் பழிவாங்க எண்ணிய தந்தை, வின்சனைக் கவர்ந்து சென்று, தன் கைவித்தை முழுவதையும் பயன்படுத்தி, அவனுடலைச் சிறிது சிறிதாகப் பெண்ணுடலாக மாற்றிவிட்டான். அலெக்சோ, தன் முகத்தை மாற்றித் தருமாறு வற்புறுத்தும் பொருட்டு அதே வைத்தியனைத் தேடி வருகின்றான். பணயமாகப் பிடித்த பெண் தன் நண்பனே என்பதை அறியாதவனாய் வருகின்றான்.

பெண்ணென மயங்கும் காதலும் அதன் விளைவான கொலையும் பிரெஞ்சு இலக்கியத்திற்குப் புதியனவல்ல. பல்சாக் 1830இல் எழுதிய 'சராசீன்' என்னும் கதையிலே, விதையடிக்கப்பட்ட பாடகன் ஒருவனைப் பெண்ணென்று கருதிக் காதலித்த சிற்பி கொலையுண்டு மடிகின்றான். ஆண்டே மயக்கமுறுபவன் காதலன். ஈண்டு மயக்கமுறுபவர் வாசகராகிய நாமே. இவ்வேறுபாடு ஜோன்கேயின் தனித்திறனைக் காட்டும்.

அவர் அம்மயக்கத்தை இலக்கணத்தின் துணைகொண்டே விளைவிக்கின்றார். ஏவ் வரும் இடங்களிலெல்லாம் கதை படர்க்கையிலே பெண்பாலாகச் செல்கின்றது. இருட்டறைப் பகுதிகளோ 'நீ' என விளிக்கும் முன்னிலையில் அமைகின்றன. எனவே இருவேறு மாந்தரைக் காண்பதாகவே வாசகர் நம்புகின்றனர். இந்நாவலைத் தமிழிற் பெயர்ப்போர்க்கு இடர்ப்பாடு மிகும். தமிழிலே வினைமுற்றின் ஈறே பாலை உணர்த்திவிடும். 'வந்தான்' எனினும் 'வந்தாள்' எனினும் தீர்ப்பு வழங்கியாயிற்று. உண்மை வெளிப்பட்ட பின்னர் அவரை எவ்வீற்றாற் குறிப்பது? இவ்வினாவிற்கு விடைகூறாமல் ஒரு வாக்கியமும் எழுத முடியாது. நாவலின் உயிர்நிலையான வினாவும் இதுவே: உடலை மாற்றியவன் உள்ளிருப்பவரையும் மாற்றிவிட்டானா?

முடிவிலே துப்பாக்கி ஏவின் கையை அடைகின்றது. அதற்கு இரையாகின்றவன் அலெக்ஸ், லபார்க் அல்லன். தன்னை அழித்தவனைக் கொல்லும் வாய்ப்பிருந்தும் ஏவ் கொல்லவில்லை. இந்நாவலைத் தழுவி ஸ்பானிய இயக்குநர் பேத்ரோ அல்மொதோவார் 2011இல் வெளியிட்ட திரைப்படம் இம்முடிவை ஏற்கவில்லை. ஆண்டுச் சிறைப்பட்டவர் வைத்தியனைச் சுட்டுக் கொன்று, தாயின் துணிக்கடைக்குத் திரும்பி, தன் பழைய பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகஞ் செய்கின்றார். தோலை மாற்றினும் 'நான்' மாறவில்லை என்பது படத்தின் விடை. நாவலின் விடை அத்துணைத் தெளிவானதன்று. நெடுங்காலச் சிறை பகைவனையே பற்றுக்கோடாக்கிவிடும் என்னும் கசப்பான உண்மையை அது காட்டுகின்றது. எனினும், அம்மனமாற்றம் நிகழ்ந்த வகையைப் படிப்படியாக விளக்காது ஆசிரியர் விரைந்து முடித்துவிட்டமை ஒரு குறையே.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. பெண்ணாக்குதலைத் தண்டனையாகக் கருதுபவன் பெண்மையைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் யாது? தன் மகளை இழிவுபடுத்தியோரை லபார்க் வெறுக்கின்றான். ஆனால் அவர்கள் பெண்ணைக் கண்ட அதே கண்ணால், இழிவுக்குரிய உடலாகவே, அவனும் பெண்ணைக் காண்கின்றான். இந்த முரணை ஆசிரியர் உரையாற்றி விளக்கவில்லை; ஏவைப் பிறர்க்கு விற்று மறைவில் நின்று பார்க்கும் தந்தையின் செயலாலேயே உணர்த்திவிடுகின்றார். நூலின் வன்மை இவ்விடத்திலேயே உள்ளது.

ஒரு தவறான முடிபைத் தவிர்த்தலும் வேண்டும். தம் உள்ளுணர்விற்கு இசையத் தம் உடலை மாற்ற விழைவோர் உலகில் உளர். அவர்தம் விருப்பமும் லபார்க்கின் வன்செயலும் எதிர்த்துருவங்கள். ஆண்டு உள்ளம் முன்செல்ல உடல் பின்செல்கின்றது. ஈண்டோ உள்ளத்தை மிதித்துக் கத்தி முன்செல்கின்றது. பிரான்சிலே 2016இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவர் தம் பால்நிலையைப் பதிவேட்டில் மாற்றுதற்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை என விதித்தது. ஒருவர் யார் என்பதைக் கத்தி தீர்மானிப்பதில்லை என்னும் கொள்கை அதனுள் அடங்கியுள்ளது. நாவலும் அதற்கு முரணன்று.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோர்க்கெனத் தனி ஈறு இல்லையென்றும், அவர் உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்வர் என்றும் கூறினார். பால் திரியினும் திணை திரியாது என்பது அதன் பயன். அவ்வளவுகோல் கொண்டு நோக்கின் லபார்க்கின் பெருங்குற்றம் புலனாகும். மனிதர் ஒருவரைப் பூட்டிவைக்கவும், விற்கவும், தன் விருப்பப்படி செதுக்கவும் உரிய பொருளாக்கி, அஃறிணையிற் சேர்க்க முயன்றமையே அக்குற்றம். துப்பாக்கியால் நிகழ்ந்த கொலை ஒரு கணத்தில் முடிந்தது. இக்கொலையோ ஆண்டுக்கணக்காக நிகழ்ந்தது. இதனை உணர்த்தும் நாவல், கறுப்பு அட்டையுடன் வந்ததென்பதனால் மட்டும் ஒதுக்கத்தக்கதன்று என்பதே எமது துணிபு.