சங்கிலியில் ஒரு பெட்டி, மடியில் ஒரு கட்டு

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் அங்கே கூடுவது வழக்கம். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திறங்குகிறவர்கள் சிலரின் பையில் பழைய இதழ்கள் நாலைந்தாவது இருக்கும். 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முதல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’, 1984-ல் மாடஸ்டி கதையோடு தொடங்கிய லயன், அதே ஆண்டு பிறந்த ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் ஆரம்ப இதழ்கள் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கில் விலை போகும். ஆனால் அச்சானது செய்தித்தாள் தரத்துக் காகிதத்தில். ஒரு மழைச்சாரல் போதும், அரை நூற்றாண்டு பிழைத்த இதழ் ஒரே இரவில் உப்பி வளைந்துவிடும்.

இதே இதழ்களைச் சேர்க்கிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் எடுத்துப்போகிற விதத்தில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மழைக்கு நம் ஊர் வழி சிறந்தது, திருட்டுக்கு இலங்கை வழி சிறந்தது என்பது நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

முதலில் மழை. தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் சென்னைப் பாரிமுனைப் பக்கம் போனால் சட்டை, சேலை மடித்து விற்கும் கண்ணாடிக் கவர்கள் நூறு நூறாகக் கிடைக்கும். பாலிபுரொப்பிலீனால் ஆன இந்த ‘பிபி கவர்’ காமிக்ஸுக்கு நல்லது. பளபளவென்று தடிமனாக வரும் பிவிசி உறை கூடாது. அதிலுள்ள மென்மையூட்டி நாளடைவில் அட்டையின் மையை இளக்கித் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். கவருக்குள் இதழுக்குப் பின்னால் ஒரு டூப்ளெக்ஸ் அட்டை. அதன் வெள்ளைப் பக்கம் இதழைப் பார்த்திருக்க வேண்டும். சாம்பல் பக்கம் அமிலம் மிகுந்த கழிவுக் காகிதம். பயணம் முடிந்ததும் அந்த அட்டையையும் எடுத்துவிடுவது நல்லது. கவரின் வாயை ஒட்டுநாடாவால் மூடாமல் பின்பக்கம் மடித்துவிட வேண்டும். நாடா அட்டைப்படத்தில் ஒருமுறை பட்டுவிட்டால் மாயாவியின் முகம் நாடாவோடு வந்துவிடும். பிறகு பத்துப் பத்தாக அடுக்கி, ரப்பர் விளிம்புள்ள மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் முடிந்தது. பாக்கெட் சைஸ் இதழ்கள் இதற்கென்றே அளவெடுத்ததுபோல் உட்காரும்.

2012-ல் லயன்-முத்து ஆர்ட் பேப்பரில் வண்ணத்தில் வரத் தொடங்கியபோது இன்னொரு எச்சரிக்கை தேவைப்பட்டது. பழைய செய்தித்தாள் காகிதம் நனைந்தால் உப்பும், கறைபடும், ஆனால் பக்கங்களைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பூச்சு பசையாகிப் பக்கங்கள் கல்லாக ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே பழசைவிடப் புதுசுக்கே மழையில் கவனம் அதிகம் வேண்டும்.

ரயிலின் ஏசி பெட்டியில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரவு முழுக்க 24 டிகிரிக்கு அருகே குளிர்ந்த இதழை, சென்ட்ரலில் இறங்கிய கையோடு புழுக்கத்தில் திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டிலைப்போல அதன்மேல் ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம் முதலில் பிடிப்பது நடுப்பக்கத்துப் பின்னை. துரு படர்ந்து காகிதத்தைத் தின்று, நடுத்தாள் கழன்று கையோடு வரும். டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறையில் வைத்திருந்தால் இது நேராது.

இலங்கையில் மழைக்கு எதிராக இவ்வளவு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை, அங்கே மழை நம்மைவிட அதிகம் என்றாலும். யாழ்ப்பாணத்துக்குச் சென்னையைப்போல ஐப்பசி, கார்த்திகை மழைதான் பிரதானம். கொழும்புக்கோ தென்மேற்குப் பருவமும் சேர்ந்துகொள்கிறது. நான் பார்த்தவரை பொலித்தீன் பையும் பிஸ்கட் தகரமும்தான் அங்கே பாதுகாப்பு. தகரத்துக்குள் ஈரத்தோடு வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இதை நண்பர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்.

கொழும்பில் சிங்களச் சித்திரக்கதைத் தாள்களையும் சேர்க்கிறார்கள் என்பதால் அங்கே அளவும் ஒரு சிக்கல். ‘லங்காதீப’ நாளிதழில் 1951-ல் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’ தொடங்கி வளர்ந்த சிங்களச் சித்திரக்கதை, எழுபதுகளில் ‘சதுட’, ‘சித்தர’ போன்ற வாரத் தாள்களாகப் பெருகியது. அவை டேப்ளாய்ட் அளவு. இரண்டாக மடித்தால் மடிப்பில் தாள் ஒடிகிறது, சுருட்டினால் ஓரம் கிழிகிறது. ஆகவே கொழும்புச் சேகரிப்பாளர் படம் வரைகிற மாணவர் கொண்டுபோகும் பெரிய தட்டைப் பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே அவற்றைக் கிடத்தித்தான் எடுத்துப்போகிறார். நம் ஊர் டப்பா அங்கே உதவாது.

திருட்டு விஷயத்தில் கதை தலைகீழ். நம் ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் கம்பி வளையம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் சங்கிலியும் பூட்டும் விற்கிறார்கள். பெட்டியைக் கட்டிப் பூட்டிவிட்டு நாம் தூங்கிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து நண்பரோ இரவு பஸ்ஸில் பெரிய பையைப் பின் டிக்கியில் போட்டுவிட்டு, காமிக்ஸ் கட்டை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிறார். ஒரு பயணத்துக்கு ஆறேழு இதழுக்கு மேல் இல்லை. மிச்சம் அடுத்த முறை, அல்லது வேறொருவர் கையில். பூட்டைப் பற்றிக் கேட்டேன். “பூட்டுப் போட்டா, உள்ளுக்க ஏதோ கிடக்கெண்டு கள்ளனுக்கு நீங்களே சொல்லிக் குடுக்கிறியள், அண்ணை” என்றார்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 பாதை போருக்கு நடுவே 2002-ல் திறந்து 2006-ல் மூடப்படும்வரை ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிய ஒவ்வொரு பையும் திறந்து பார்க்கப்பட்டது. பூட்டிய பெட்டி என்றால் கூடுதல் விசாரணை. உள்ளிருப்பது வெளியிலிருந்தே தெரிகிற பையில் வைத்தால் இதழை உருவி எடுத்துப் புரட்டுகிற கை ஒன்று குறையும் என்று நண்பர் கண்டுகொண்டார். அதற்கு முன், 1995 அக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணமே வெளியேறியபோது, எத்தனையோ வீட்டு அலமாரிகள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒரே பையில் எடுத்துப்போகாதே என்ற எண்ணம் அங்குள்ள சேகரிப்பாளர்களிடம் ஊறிக்கிடக்கிறது.

நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில் திருடனுக்கு முத்து காமிக்ஸின் மதிப்பு தெரியாது. அவன் எடுப்பது பையை. உள்ளே பழைய தாள் என்று கண்டதும் தண்டவாளத்தோரம் வீசிவிடுவான். அதனால் ஒவ்வொரு கவருக்குள்ளும், அட்டையின் பின்பக்கம், தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது சங்கிலியைவிடப் பயன் தரும். இதழின்மேல் எழுதக்கூடாது. கிளம்புமுன் முன்அட்டையையும் நடுப்பக்கத்தையும் படமெடுத்து வைத்தால், கிழிசலையும் கறையையும் வைத்து ‘இது என்னுடையது’ என்று பிறகு நிறுவலாம்.

இரு கரைக்கும் நடுவே இப்போது வழிகள் இருக்கின்றன. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து பலாலிக்குப் பறப்பது சிறிய ஏடிஆர் விமானம், தலைக்கு மேலுள்ள அறையும் சிறியது. பாக்கெட் சைஸ் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். டேப்ளாய்ட் தாள்களைக் கொண்டுவர அது தோதுப்படாது. அவற்றுக்குக் கப்பல் மேல், ஆனால் உப்புக் காற்று பின்னைத் துருப்பிடிக்கவைக்கும். தட்டைப் பையைப் பெரிய பிபி உறைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, மறுகரையில் வீடு போய்ச் சேரும்வரை யார் கேட்டாலும் திறந்து காட்டாமல் இருப்பது நல்லது. சுங்கத்தில் கேட்டால் மட்டும் திறக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு வெற்று உறை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.