தங்கப் பல்லும் கான்வாஸ் ஷூவும்

பனாமாவின் சல்சா பாடகர் ரூபென் பிளேட்ஸ் எழுதிப் பாடிய ‘பெத்ரோ நவாஹா’ பாட்டில் வரும் ரவுடிக்கு முகம் கிடையாது. கண், மூக்கு, நிறம், உயரம் எதையும் பாட்டு சொல்வதில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த அகல விளிம்புத் தொப்பி, எங்கே பார்க்கிறான் என்று யாரும் கண்டுகொள்ள முடியாதபடி ஒரு கறுப்புக் கண்ணாடி, கோட்டுப் பையை விட்டு வெளியே வராத கைகள், சிரித்தால் மின்னும் ஒரு தங்கப் பல். இவ்வளவு மிடுக்காக உடுத்தியவன் காலில் மட்டும் கான்வாஸ் ஷூ. ஏன்? வம்பு வந்தால் ஓட வேண்டுமே, அதற்காக. அவன் தொழில் என்ன, அதில் எவ்வளவு காலமாக இருக்கிறான், எத்தனை தடவை தப்பியிருப்பான் என்பதையெல்லாம் அந்த ஷூவே சொல்லிவிடுகிறது. இந்த வருணனையில் அவன் கொடியவன் என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

1978-ல் டிராம்போன் கலைஞர் வில்லி கோலோனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘சியெம்ப்ரா’ ஆல்பத்தில் இருக்கும் பாட்டு இது. அப்போது நியூயார்க்கில் சல்சா என்றால் ஆடுவதற்கான இசை. காதல், ஊர்ப் பெருமை, விருந்துக் கொண்டாட்டம், இவைதான் பாட்டின் பொருள். ஜோடி ஜோடியாக ஆட வந்தவர்களிடம் ஏழு நிமிஷத்துக்கு மேல் ஒரு கொலைக் கதையைச் சொல்வது சின்னத் துணிச்சல் அல்ல. பிரெக்ட்டும் குர்ட் வைலும் 1928-ல் பெர்லின் மேடைக்கு எழுதிய ‘மேக் த நைஃப்’ தான் இதற்கு முன்னோடி. ஆனால் பெர்லினின் மேக் ஊரே கதை பேசும் ஆள். பிளேட்ஸின் பெத்ரோ நியூயார்க்கில் ஏதோ ஒரு நடைபாதையில் நடப்பவன். அவனைப் பற்றி யாரும் கதை பேசப் போவதில்லை.

பாட்டு எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஊதுகருவிகளின் பெரிய எடுப்பு எதுவும் கிடையாது. காங்கா தட்டும் ஓசை, அதன் மேல் பேச்சுக்குப் பக்கத்திலேயே நடக்கும் ஒரு குரல், அவ்வளவுதான். கதை நகர நகர ஒவ்வொரு கருவியாக வந்து சேர்கிறது. கேட்பவரின் கால் தானாக ஆடத் தொடங்கும்போது பாட்டில் கத்தி வெளியே வந்திருக்கும்.

பாட்டில் வரும் பெண்ணைப் பற்றிய இடம் எனக்கு இன்னும் பிடிக்கும். அவள் நடைபாதையில் போவதும் வருவதுமாக இருக்கிறாள். அன்றைக்கு வாடிக்கையாளரே வரவில்லை, அதை மறக்க ஒரு வாசலுக்குள் நுழைந்து ஒரு வாய் குடிக்கிறாள். ஒரு கார் மெதுவாகக் கடந்து போகிறது. அதில் எந்த அடையாளமும் இல்லை, ஆனால் அது போலீஸ் வண்டி என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெத்ரோ சத்தமில்லாமல் தெருவைக் கடந்து வருகிறான். அந்த நேரம் பார்த்து அவள் பழைய கோட்டிலிருந்து கைத்துப்பாக்கியை எடுக்கிறாள். தற்காத்துக்கொள்ள அல்ல, கோட்டில் இடைஞ்சலாக இருக்கிறது, கைப்பைக்கு மாற்றி வைக்கலாமே என்றுதான். கதையின் முழு விதியும் அந்த அற்பக் காரணத்தில் தொங்குகிறது. துப்பாக்கியின் ரகத்தைக்கூடச் சொல்கிறார்: .38 ஸ்மித் அண்ட் வெஸன். போலீஸ் அறிக்கை எழுதுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு வேண்டும், கவிஞருக்கு அல்ல. இவருக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

அவன் கத்தியைப் பாய்ச்சுகிறான், அவள் சுடுகிறாள், இருவரும் விழுகிறார்கள். யாரும் வெளியே வரவில்லை, யாரும் அழவில்லை. ஒரு குடிகாரன் தடுக்கி விழப் பார்த்து, துப்பாக்கி, கத்தி, சில்லறை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு, சுருதி சேராமல் பாடியபடி போகிறான். அவன் பாடிக்கொண்டு போவதுதான் பாட்டின் பல்லவியாகி, கோரஸ் அதை வாங்கிக்கொள்கிறது. ஆட்டம் சூடு பிடிப்பது இங்கேதான். லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் ஆடிக்கொண்டே பாடுகிற அந்தப் பல்லவி, பிணத்தைத் தாண்டிப் போகும் ஒருவனுடைய உளறல். கடைசியில் வானொலிச் செய்தி பாணியில் ஒரு குரல் வருகிறது: பெத்ரோ பாரியோஸ், ஹோசஃபினா வில்ஸன் என்ற இருவரின் உடல்கள் கிடைத்தன என்கிறது. அதுவரை அவளுக்குப் பெயர் இல்லை, அவனுக்கும் கத்தியின் பெயர்தான் பட்டப்பெயர். செத்த பிறகே இருவருக்கும் முழுப் பெயர் கிடைக்கிறது. இதை எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் பிறந்த வீட்டில் பாதி விடை இருக்கிறது. 1948-ல் பனாமா நகரில் பிறந்தவர். அப்பா போலீஸில் துப்பறிவாளர், போங்கோ வாசிப்பார். அம்மா கியூபாவைச் சேர்ந்தவர், பியானோ வாசிப்பார், பாடுவார், வானொலி நாடகங்களில் நடிப்பார். தாளமும் தடயமும் நடிப்பும் ஒரே கூரையின் கீழ். அதோடு இவர் பனாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படித்து முடித்த வழக்கறிஞர் நியூயார்க் வந்து, சல்சாவின் தலைமையகமான ஃபானியா ரெக்கார்ட்ஸில் கடிதம் பிரித்து அடுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தான் பாட நினைத்த கம்பெனியின் தபாலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அங்கிருந்து ரே பரேட்டோவின் குழு, அங்கிருந்து வில்லி கோலோன்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். இளவயதில் போர்ட்டோ ரிக்கோவின் சேயோ ஃபெலிசியானோவை அச்சாகப் பாட முயன்றவர் பிளேட்ஸ். அந்தச் சாயல் கடைசிவரை கொஞ்சம் இருக்கிறது: அவசரப்படாத, நடுஸ்தாயியிலேயே உலாவும் சாரீரம். சல்சா பாடகர் எக்தோர் லாவோவைப் போல மேல்ஸ்தாயியில் ஏறி மனசைப் பிய்க்கும் குரல் இவருக்கு இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ‘எல் காந்தாந்தே’ என்ற பாட்டை எழுதிவிட்டு, அதை லாவோவுக்குக் கொடுத்துவிட்டார். மேடையில் எல்லோரும் கைதட்டும் பாடகன், வீட்டுக்குப் போனால் அவனுக்கும் அழுகை உண்டு என்பதுதான் அதன் பொருள். லாவோ அதை 1978-ல் பாடினார், அது அவருடைய வாழ்க்கைக்கே தலைப்பாக ஒட்டிக்கொண்டது. எழுதியவரே பாடியிருந்தால் அது ஒரு நல்ல கதையாக இருந்திருக்கும். லாவோ பாடியதால் வாக்குமூலம் ஆனது. யார் வாயில் எந்தச் சொல் உண்மையாகும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கொடுக்க முடியும். நாடகக்காரரின் புத்தி அது.

1984-ல் ஃபானியாவை விட்டு எலெக்ட்ரா நிறுவனத்துக்குப் போய் ‘புஸ்காந்தோ அமெரிகா’ கொண்டுவந்தார். இங்கே ஊதுகருவிகளை அடியோடு எடுத்துவிட்டார். சல்சாவில் டிராம்போனும் டிரம்பெட்டும் இல்லாமலா என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். அந்த இடத்தில் வைப்ரஃபோனும் சிந்தசைசரும் வந்தன. குழுவின் பெயர் செய்ஸ் தெல் சோலார். பித்தளையின் முழக்கம் போனதும் வார்த்தைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

அதிலுள்ள ‘அந்தோனியோ பாதிரியாரும் பலிபீடச் சிறுவன் அந்த்ரேஸும்’ என்ற பாட்டு, 1980 மார்ச் 24-ல் எல் சால்வடாரில் திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட பேராயர் ஆஸ்கர் ரோமேரோவை மனதில் வைத்து எழுதியது. ஆனால் பேராயரை அப்படியே கொண்டுவரவில்லை. காட்டு ஊருக்கு வரும் ஒரு சாதாரணப் பாதிரியார், கூடவே பத்து வயசு அந்த்ரேஸ். இந்தப் பையனுக்குக் கால்பந்து ஆடப் பிடிக்கும். கோயிலில் குண்டு பாயும்போது அவனும் பாதிரியார் பக்கத்திலேயே விழுகிறான். அப்போது பிளேட்ஸ் சொல்வது ஒன்றுதான்: பெலேயைப் பார்க்காமலேயே போய்விட்டான். தியாகம், ரத்தம், நீதி என்று இருபது வார்த்தை கொட்டியிருக்கலாம். ஒரு கால்பந்து வீரரின் பெயரை வைத்துவிட்டு நகர்கிறார். பிறகு கோயில் மணி கோரஸாகிறது, பாட்டு துள்ளுகிறது. துக்கத்தை ஆட்டத்துக்குள் வைக்க அவர் கூசுவதே இல்லை.

அதே ஆல்பத்தில் ‘ஜி.டி.பி.டி.’ என்று நான்கெழுத்துத் தலைப்பில் ஒன்று உண்டு. அதில் ராகம் கிடையாது. தாளக் கருவிகளின் மேல் ஒரு குரல் சும்மா பேசிக்கொண்டு போகிறது. ஒருவன் காலையில் எழுகிறான், முகம் கழுவுகிறான், சவரம் செய்கிறான், உடுத்துகிறான், தன்னை அழைத்துப்போக வரும் வண்டிக்குக் காத்திருக்கிறான். எல்லாமே ‘நீ எழுகிறாய், நீ நடக்கிறாய்’ என்கிற முன்னிலையில். கேட்பவர் அவனோடு சேர்ந்து சட்டை போட்டுக்கொண்டு, அவனுடைய சின்னச் சலிப்புகளைத் தன் சலிப்பாகவே உணரத் தொடங்கிவிடுவார். கடைசியில்தான் தெரிகிறது, அவன் ரகசியப் போலீஸ்காரன், ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகக் கிளம்புகிறான் என்று. சர்வாதிகாரத்தைப் பற்றி அந்தக் கண்டத்தில் எழுதப்பட்ட பாட்டுகளில் இதற்கு இணையாக நான் வைப்பது வெகு சில. அடக்குமுறைக்கும் பல் தேய்க்க வேண்டியிருக்கிறது என்பதை இத்தனை அமைதியாகச் சொன்னவர் யார்?

இப்படிப் பாட்டில் நடித்துக்கொண்டிருந்தவர் திரைக்குப் போனது இயல்பு. 1985-ல் லியோன் இசாசோ இயக்கிய ‘கிராஸ்ஓவர் ட்ரீம்ஸ்’ படத்தில் ரூடி வெலோஸ் என்ற சல்சா பாடகனாக வந்தார், திரைக்கதையிலும் அவர் கை உண்டு. வெள்ளைக்காரச் சந்தையில் ஜெயிக்க வேண்டும் என்று கூட வாசித்த நண்பனைக் கைவிட்டு, அங்கும் தோற்றுத் திரும்பும் ஆள் அவன். அந்த வருஷமே ஹார்வர்டில் சட்ட முதுகலையும் முடித்தார். மூன்று வருஷம் கழித்து ராபர்ட் ரெட்ஃபோர்டின் ‘த மிலாக்ரோ பீன்ஃபீல்ட் வார்’ படத்தில் நியூ மெக்சிகோ கிராமத்து ஷெரீப். விவசாயிகளுக்கும் நிலம் வளைக்கும் கம்பெனிக்கும் நடுவே சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. தலைமைப் பாத்திரம் இல்லை. ஆனாலும் அவர் திரையில் நிற்கும்போதெல்லாம், இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்த மனிதர் இவர் என்று தோன்றிவிடும்.

எனக்குப் பெரியதாகப் படுவது 1989-ல் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘டெட் மேன் அவுட்’. மரண தண்டனைக் கைதி ஒருவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பேதலித்தவனைக் கொல்லச் சட்டம் இடம் தராது. ஆகவே அவனைக் குணப்படுத்த ஒரு மனநல மருத்துவரை அனுப்புகிறார்கள். மருத்துவராக டேனி க்ளோவர், கைதியாக பிளேட்ஸ். தெளிந்தால் சாவு. சட்டம் படித்தவருக்கு இதைவிடக் கூர்மையான பாத்திரம் கிடைக்காது. கத்திக் கூப்பாடு போட எல்லா வாய்ப்பும் இருந்தும் அவர் குரலைத்தான் அளந்து பயன்படுத்துகிறார்.

மற்றபடி ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் போலீஸும் திருடனும்தான். ‘பிரிடேட்டர் 2’ போன்றவற்றில் அவரை வீணடித்தார்கள் என்றே சொல்வேன். 1998-ல் பால் சைமன் பிராட்வேயில் அரங்கேற்றிய ‘த கேப்மேன்’ இசை நாடகத்தில், கொலைக் குற்றவாளி சால்வடோர் அக்ரோனின் முதிர்ந்த வயதை இவரும் இளமையை மார்க் அந்தோணியும் ஏற்றார்கள். 68 காட்சிகளோடு மூடிவிட்டார்கள்.

நடுவில் 1994-ல் பனாமாவின் ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார், 2004 முதல் 2009 வரை சுற்றுலா அமைச்சராகவும் இருந்தார். அந்தக் கதையை அரசியல் எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

2015-ல் ‘ஃபியர் த வாக்கிங் டெட்’ தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 67. பிணங்கள் எழுந்து நடக்கும் கதை, நான் அதற்காகப் பார்க்கவில்லை. அதில் அவர் டானியல் சலாசர் என்ற முடிதிருத்துபவர். லாஸ் ஏஞ்சலிஸில் சொந்தக் கடை, மனைவி, மகள், ஒழுங்கான வாழ்க்கை. எல் சால்வடாரிலிருந்து வந்தவர். கதை போகப் போக, உள்நாட்டுப் போரில் ஆட்களைச் சித்திரவதை செய்து உண்மை வரவழைத்தவர் அவர் என்று வெளியாகிறது. பேராயர் ரோமேரோ செத்த அதே நாடு, அதே வருஷங்கள். அன்று பாட்டில் பாதிரியாருக்காக மணி அடித்தவர், காலையில் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போன ஏஜென்டுக்குக் குரல் கொடுத்தவர், முப்பது வருஷம் கழித்து அந்த ஏஜென்டின் முதுமையாகவே திரையில் வந்து நிற்கிறார். கையில் சவரக்கத்தி. திட்டமிட்டு நடந்ததா, தற்செயலா என்பது முக்கியமில்லை. சலாசரை அவர் வில்லனாகவும் ஆக்கவில்லை, மன்னிப்புக்கு மனுப் போடவும் இல்லை. குரலை உயர்த்தாமல், வேலை தெரிந்தவனின் நிதானத்தோடு நடந்துகொள்கிறார். அந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது.

பாட்டையும் அவர் விடவில்லை. பனாமாவின் ரொபெர்ட்டோ டெல்காடோ குழுவோடு 2017-ல் ‘சல்சா பிக் பேண்ட்’, 2021-ல் ‘சல்ஸ்விங்’. இரண்டுக்கும் லத்தீன் கிராமியில் அந்தந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. இரண்டாவதில் ‘பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்’ போன்ற பழைய அமெரிக்கப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பாடுகிறார். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் பிடியில் இருந்த பனாமா கால்வாய்ப் பகுதியில் கொடி ஏற்றும் தகராறில் பனாமா மாணவர்கள் சுடப்பட்டபோது, ஆங்கிலப் பாட்டே இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பையன் இவர். 1988-ல் ஆங்கிலத்திலேயே ஒரு ஆல்பம் போட்டார், ‘நத்திங் பட் த ட்ரூத்’. எல்விஸ் காஸ்டெல்லோ, லூ ரீட் எல்லாம் கூட இருந்தும் அதில் ஏதோ உடம்பு வளையாத விறைப்பு. ‘சல்ஸ்விங்’கில் அந்த விறைப்பு இல்லை. ஸ்விங் தாளத்தில் சொல்லைத் தாமதித்து, அடுத்த அடியின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறார், சல்சாவில் கிளாவே தாளத்துக்கு எதிராக ஐம்பது வருஷம் வைத்துப் பழகிய அதே கைப்பழக்கத்தோடு. 72 வயதில் குரல் சற்றுக் கனத்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோன் வைத்துக் கேட்பது நல்லது. பித்தளை முழங்கும் இடங்களை விட, அவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது.