எல்லோருக்கும் பெருங்குடல் சோதனை தேவையா?

முழு உடல் பரிசோதனை விளம்பரங்கள் இன்று ஸ்ரீவைகுண்டம் போன்ற சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எவரும் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அவற்றுள் சில கூறுகின்றன. இந்த 45 என்னும் எண், அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் வெளியிட்ட நெறிமுறையில் உள்ளது. அதை அப்படியே இங்கே பெயர்த்து நடலாமா?

பெருங்குடல் புற்று பெரும்பாலும் சிறு சதை மொக்காகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே நோயாக முற்றுகிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியலாம். மலத்தில் கலந்த அந்த இரத்தத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறிவது எளிய சோதனை. இரத்தம் இருந்தால், குழாய்க் கருவியைச் செலுத்திக் குடலை நேரில் பார்க்கும் கொலோனாஸ்கோபி செய்ய வேண்டும்.

மலச்சோதனை, புற்று உள்ள 100 பேரில் ஏறத்தாழ 80 பேரைக் காட்டிக் கொடுக்கும். புற்று இல்லாத 100 பேரில் சுமார் 6 பேருக்கும் 'உண்டு' என்று தவறாகச் சொல்லும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் 50 பேருக்குப் புற்று இருப்பதாகக் கொள்வோம். 40 பேர் அகப்படுவர்; 597 பேர் வீணாகக் கலங்குவர். புற்று உள்ளவர் 10 பேர்தாம் என்றால்? அகப்படுவோர் 8, கலங்குவோர் 599! கருவி அதேதான், ஆனால் ஒரு நோயாளிக்கு 15 பேர் என்றிருந்த வீண் கலக்கம் 75 ஆகிவிட்டது. இவர்களுள் சிலரிடம் மொக்குகள் கண்டு அகற்றப்படலாம் என்பது உண்மையே. எனினும் அத்தனை பேருக்கும் கொலோனாஸ்கோபி செய்யக் கருவிகளும் வல்லுநர்களும் வேண்டுமல்லவா?

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. வயது வேறுபாட்டைச் சரிசெய்து ஒப்பிட்டால், அமெரிக்காவில் இந்நோய் தோன்றும் வீதம் இந்தியாவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே பொதுச் சோதனையை வகுத்தது. இங்கு மிகுதியாக உள்ளவற்றை முதலில் தேடுவது அறிவுடைமையே.

விளம்பரங்களின் இன்னொரு குறை, சி.இ.ஏ. என்னும் இரத்தச் சோதனையைப் புற்றறியும் சோதனையாகக் காட்டுவது. தொடக்கநிலைப் புற்றில் அது பெரும்பாலும் உயர்வதில்லை. புகைபிடிப்போருக்குப் புற்றின்றியும் உயரும். சிகிச்சைக்குப் பின் நோயாளியைக் கண்காணிக்கவே அது பெரிதும் பயன்படுகிறது.

இவ்விளம்பரங்களின் பெருங்குறை வேறு. நோய்க்குறி இல்லாதோரைச் சோதிப்பது வேறு. குறி உள்ளோரை ஆராய்வது வேறு. மலத்தில் இரத்தம், பல வாரங்களாக மாறிய மலப்போக்கு, காரணமற்ற இரத்தசோகை அல்லது எடைக்குறைவு உள்ளவர் எவ்வயதினராயினும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால், குறி இல்லாவிடினும் ஆலோசனை பெற வேண்டும். நம் நாட்டில் ஐம்பது வயதுக்குட்பட்டோரும் கணிசமாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். 'மூலம்தான்' என்று தாமே முடிவுகட்டி நாட்டு மருந்தில் மாதங்களைக் கழிப்போரே பேரிழப்புக்கு உள்ளாகின்றனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், நலமாக இருப்பவரை அச்சுறுத்துவது நல்ல அறிவுரை ஆகாது.